ஆண்டுக்கணக்கில் நின்ற பிக்கப்: அறிகுறியைப் பிடித்துப் பிழை நீக்கும் வழிமுறை

இங்கே சொல்வதெல்லாம் கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) பாயிண்ட் இக்னிஷனும் (திறந்து மூடும் தொடுமுனைகளால் ஸ்பார்க் தரும் அமைப்பு) உள்ள பெட்ரோல் இன்ஜின், 12 வோல்ட் மின்சாரம், தனிச் சேஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், டிரம் பிரேக் என்ற அமைப்பில் வந்த பழைய பிக்கப்புக்குப் பொருந்தும். எந்தக் கம்பெனி வண்டியானாலும் கோளாறு வரும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான், அளவுகள்தான் மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு எண் சொன்னால் அந்த எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரித்துப் போடுவது எளிது. ஆனால் எந்தக் கோளாறு எதனால் வந்தது என்ற தடயம் பிரித்த அன்றைக்கே அழிந்துவிடும். அதனால் முதலில் சோதனை, அதன் பிறகு ஸ்பேனர். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மாற்றுங்கள், மாற்றியதும் அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். மூன்று பாகங்களைச் சேர்த்து மாற்றினால் வண்டி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாமலே போகும்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், கம்ப்ரஷன் கேஜ், வேக்குவம் கேஜ், ஃபீலர் கேஜ், வண்டி எடையைத் தாங்கும் ஸ்டாண்ட் நான்கு, பெட்ரோல் தீயை அணைக்கும் பொடி வகைத் தீயணைப்பான். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்ட வேண்டாம்.

இன்ஜின் சுற்றவே மறுக்கிறது

செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். அசையவில்லை என்றால் உடனே "பிஸ்டன் பிடித்துவிட்டது" என்று முடிவு கட்ட வேண்டாம். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். வாட்டர் பம்ப்போ டைனமோவோ இறுகியிருந்தால் அதோடு தெரிந்துவிடும். அடுத்து செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள், அதன் பல் ஃபிளைவீலில் மாட்டி நிற்கலாம். மூன்றாவதாகப் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஏதாவது ஒரு சிலிண்டரில் தண்ணீரோ பெட்ரோலோ தேங்கியிருந்தால் அது வெளியே வர வழி கிடைக்கும்.

இதற்கும் அசையவில்லை என்றால் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கின்றன. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சம அளவு கலந்து, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் 15 முதல் 20 மில்லி விடுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், பெயிண்டையும் கரைக்கும். தினமும் கொஞ்சம் சேர்த்து மூன்று நான்கு நாள் ஊற விடுங்கள். பிறகு நீளமான கைப்பிடியால் இரு திசையிலும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு விரற்கடை அசைந்தால் போதும். அங்கேயே முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி வழியை அகலப்படுத்துங்கள். முழு உடல் எடையையும் போட்டால் புல்லி போல்ட் முறியும், அல்லது ரிங் உடைந்து சுவரைக் கீறும். ஒரு வாரமாகியும் அசைவே இல்லை என்றால் ஹெட்டைத் திறப்பதுதான் வழி.

சுற்ற ஆரம்பித்ததும் வால்வு மூடியைத் திறந்து, ஒவ்வொரு ராக்கரும் (வால்வை அமுக்கும் நெம்புகோல்) தன் முறைக்கு எழுந்து இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். துருவால் கைடில் ஒட்டிய வால்வை செல்ஃபின் வேகத்தில் திறக்க விட்டால் ராக்கரைத் தள்ளும் புஷ் ராட் வளைந்துவிடும். ஊறவிட்ட கலவை சம்ப்புக்குள்ளும் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்கியிருக்கும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மாற்றிய பிறகும் பிளக் இல்லாமலே செல்ஃபில் பத்துப் பத்து நொடியாகச் சுற்றி, ஆயில் கேஜ் முள் எழுந்ததும்தான் பிளக்கை மாட்ட வேண்டும்.

"டிக்" சத்தம் மட்டும் வருகிறது, அல்லது செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது

புது செல்ஃப் மோட்டார் வாங்கும் முன் பத்து நிமிடம் மீட்டரோடு செலவிடுங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடாமல் வேறு எதையும் சோதிக்க வேண்டாம். அடுத்து, இன்ஜின் பிடித்துக்கொள்ளாமல் இருக்கக் இக்னிஷன் காயிலின் (ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் பாகம்) நடு ஒயரைக் கழற்றி எர்த்தோடு (இன்ஜினின் வெற்று உலோகத்தோடு) சேர்த்துவிட்டு, ஒருவரைச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பேட்டரி போயிருக்கிறது, அல்லது மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது.

பேட்டரியில் வோல்ட் இறங்கவில்லை, செல்ஃப் மட்டும் மந்தம் என்றால் வழியில் எங்கோ வோல்ட் வீணாகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முளையிலும் (கிளாம்ப்பில் வேண்டாம், முளையிலேயே) மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதை கெட்டிருக்கிறது. பாசிட்டிவ் முளைக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே இதே சோதனையில் 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம்.

பழைய பிக்கப்புகளில் பெரும்பாலும் கோளாறாக இருப்பது எர்த்தான். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அதையும் சேஸையும் இணைக்கும் பின்னல் பட்டை அறுந்தால் செல்ஃபின் கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் சுடுகிறது என்றால் இதுதான் காரணம். சேஸுக்கு அழகாகப் பெயிண்ட் அடித்து முடித்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவதும் இதனால்தான். எர்த் தொடும் இடத்தைப் பளபளப்பான உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல்வைத்த வாஷர் போட்டு முறுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் (ஒவ்வொரு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் பாகம்) போகும் நடு ஒயரைக் காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, பிளாக்கிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் சுற்றுங்கள். பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கக் கூடாது. நீல வெள்ளையில் 'சட் சட்' என்று குதித்தால் ஸ்பார்க் சரி. மஞ்சளாக, மெலிதாக இருந்தால் கண்டன்சர் (பாயிண்ட்டில் பொறி எழாமல் காக்கும் சிறு பாகம்) அல்லது காயில் கெட்டிருக்கிறது. ஒன்றுமே இல்லையென்றால் டெஸ்ட் லாம்ப்பை எடுங்கள்.

லாம்ப்பின் ஒரு முனை காயிலின் நெகட்டிவில் (டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம்), மறு முனை எர்த்தில். செல்ஃப் சுற்றும்போது விளக்கு மினுக்கினால் பாயிண்ட் திறந்து மூடுகிறது, கோளாறு அதற்கப்பால்: காயிலின் உள்சுற்று, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர், அதன் மூடி. மினுக்காமல் நிலையாக எரிந்தால் பாயிண்ட் மூடவே இல்லை. நெடுநாள் நின்றதில் அதன் முகத்தில் ஆக்சைடு படிந்திருக்கும். எரியவே இல்லையென்றால் காயிலின் பாசிட்டிவுக்குக் கரண்ட் வருகிறதா பாருங்கள். அங்கே வருகிறது என்றால் பாயிண்ட் திறப்பதில்லை, அல்லது அதன் ஒயர் எங்கோ எர்த்தைத் தொடுகிறது.

பாயிண்ட்டை மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான அட்டையை நடுவில் விட்டு இழுத்துத் துடையுங்கள். கடைசியாகத் துடைப்பது முக்கியம். அரத்தூள் மிச்சமிருந்தாலே ஸ்பார்க் வராது. கேம் உச்சியில் இருக்கும்போது இடைவெளி பொதுவாக 0.35 முதல் 0.50 மில்லிமீட்டர். கேமில் அரிசியளவுகூட வேண்டாம், அதில் பாதி கிரீஸ் போதும். கிரீஸே இல்லாமல் விட்டால் உரசும் ஃபைபர் தேய்ந்து இடைவெளி குறையும், டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) தானாகப் பின்னுக்குப் போகும். இரண்டு மாதத்தில் "இழுவை குறைந்துவிட்டது" என்று திரும்பி வருவது இதுதான்.

ஸ்பார்க் சரி, பெட்ரோலும் வருகிறது, கார்புரேட்டர் வழியாகப் 'படார்' என்று வெடிக்கிறது என்றால் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் போகும் வரிசை) தவறு. நான்கு சிலிண்டரில் பெரும்பாலும் 1-3-4-2, வரிசையான ஆறு சிலிண்டரில் 1-5-3-6-2-4. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியிருந்தால் அது அரைச் சுற்று மாறி உட்கார்ந்திருக்கலாம். முதல் பிளக் ஓட்டையை விரலால் மூடி இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றில் புல்லி குறி நேராக வரும்போது ரோட்டர் முதல் சிலிண்டரின் ஒயரைப் பார்க்க வேண்டும்.

பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைகிறது

இதற்குக் கார்புரேட்டரைப் பிரிப்பவர்கள் நிறைய. காரணம் பாலஸ்ட் ரெசிஸ்டர், அதாவது காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் மின்தடை. செல்ஃப் சுற்றும்போது காயிலுக்கு நேரடியாக 12 வோல்ட் போகும். சாவி ஓடும் நிலைக்குத் திரும்பியதும் பாலஸ்ட் வழியாகப் போக வேண்டும். அது அறுந்திருந்தால், அல்லது சாவி ஸ்விட்ச்சின் அந்த முனை தொடவில்லை என்றால் உடனே அணையும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து காயில் பாசிட்டிவுக்கு ஒரு ஒயரைப் போட்டுப் பாருங்கள், ஓடிக்கொண்டே இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஓரிரு நிமிடத்துக்கு மேல் அப்படி ஓட்டினால் காயில் கொதித்து, பாயிண்ட்டும் கருகும்.

காயில் வாங்கும்போது இதையே நினைவில் வையுங்கள். பாலஸ்ட் தேவைப்படும் காயிலின் முதன்மைச் சுற்று சுமார் 1.5 ஓம், தேவைப்படாதது சுமார் 3 ஓம். மாற்றி மாட்டினால் ஒன்று கருகும், மற்றொன்றில் ஸ்பார்க் மெலியும்.

பெட்ரோல் ஊற்றினால் ஒரு நொடி ஓடுகிறது. சோக் இழுத்தால்தான் அணையாமல் ஓடுகிறது. பதினைந்து நிமிடத்தில் அணைகிறது

மூன்றும் பெட்ரோல் பாதையைக் காட்டுகின்றன, ஆனால் வெவ்வேறு இடங்களை.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு அனுப்பவே கூடாது. நிறம் கறுத்து, வார்னிஷ் போலப் புளித்து மணந்தால் அது பசையாகி ஜெட்டுகளை (கார்புரேட்டரின் நுண்துளைகள்) அடைத்துவிடும். டேங்க் பக்கக் குழாயைப் பம்ப்பில் கழற்றி மூடிவிட்டு, 5 லிட்டர் சுத்தமான கேனிலிருந்து ஃபில்டர் வழியாகப் பம்ப்புக்குக் கொடுங்கள். கேன் இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி, கவிழாதபடி கட்டியிருக்க வேண்டும். இதில் நன்றாக ஓடினால் கோளாறு டேங்கிலும் லைனிலும் என்று ஒரே நடையில் தெரிந்துவிடும்.

கார்புரேட்டர் வாயில் ஒரு டீஸ்பூன் பெட்ரோல் விட்டு, ஏர் ஃபில்டரை மாட்டிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள் (பின்வெடிப்பில் முகத்தில் தீ அடிக்கும்). ஓரிரு நொடி ஓடி அணைந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. மெக்கானிக்கல் பம்ப்பின் அழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 5 பிஎஸ்ஐ. குறைந்தால் பம்ப்பின் டயாஃப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு) கெட்டிருக்கிறது, அதிகமானால் கார்புரேட்டரின் நீடில் வால்வு மூடாமல் பெட்ரோல் வழியும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சம்ப்பில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் மணந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஆயில் நீர்த்துப் பேரிங் தேயும்.

சோக் இழுத்தால் மட்டும் அணையாமல் ஓடினால் ஐடில் ஜெட் அடைப்பு, அல்லது எங்கோ காற்று புகுகிறது. வேக்குவம் கேஜை மாட்டுங்கள். ஐடிலில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம், முள் ஆடாமல் நிற்க வேண்டும். மலைப்பகுதியில் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஓர் அங்குலம் குறைவாகக் காட்டும், அது கோளாறு அல்ல. நிலையாக நின்றும் குறைவு என்றால் காற்றுக் கசிவு அல்லது டைமிங் பின்தங்கல். சீராக விழுந்து விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு. காற்று புகும் வழக்கமான இடங்கள் கார்புரேட்டர் அடி கேஸ்கட், பிரேக் பூஸ்டர் குழாய், தேய்ந்த த்ராட்டில் கம்பியின் துளை. ஜெட்டுகளைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். பித்தளை மிதவையைச் சூடான தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள், குமிழ் வந்தால் ஓட்டை.

கால் மணி நேரம் ஓடி அணையும் வண்டியில் விரைவாகக் கைபோட வேண்டும். ஆறிவிட்டால் அறிகுறியும் போய்விடும். அணைந்த உடனே ஏர் ஃபில்டரை எடுத்து, ஆக்சிலரேட்டரை ஒருமுறை அமுக்கி கார்புரேட்டருக்குள் பாருங்கள். பீய்ச்சினால் பெட்ரோல் இருக்கிறது; சூட்டில் செத்துப்போகும் காயில் அல்லது கண்டன்சரை ஸ்பார்க் சோதனையில் பிடியுங்கள். பீய்ச்சவில்லை என்றால் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத்துளை அடைத்திருக்கிறது. சத்தம் வரவில்லை என்றால் டேங்கின் உறிஞ்சு வலையில் துருத்தூள், அல்லது உட்புறம் உரிந்து மூடிக்கொள்ளும் ரப்பர் குழாய்.

டேங்க் துருவுக்கு: இறக்கி, காலி செய்து, மிதவை அளவுமானியைக் கழற்றி, லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை விளிம்புவரை நிரப்பி ஒரு நாள் வையுங்கள். கொட்டி, சமையல் சோடா கரைசலால் அலசி, தாமதிக்காமல் உலர்த்துங்கள். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டாலே புதுத் துரு படரும். பல ஆண்டு காலியாகக் கிடந்த டேங்காக இருந்தாலும் வெல்டிங், கிரைண்டர், தீச்சுடர் எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். உள்ளே மிஞ்சும் ஆவி வெடிக்கும்.

ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை; புகை

இன்ஜின் சூடானதும் எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க அமுக்கிப் பிடித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு சுற்று கம்ப்ரஷன் பாருங்கள். பழைய இன்ஜினில் 120 முதல் 150 பிஎஸ்ஐ என்றால் நிம்மதி. மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசமே பேசும். மிகக் குறைந்தது மிக உயர்ந்ததில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் இடையே ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது.

ரிங் என்று வந்தாலும் உடனே இன்ஜினை இறக்க வேண்டாம். நின்று போன வண்டியில் ரிங் தன் பள்ளத்தில் ஒட்டியிருக்கும். சில நூறு கிலோமீட்டர் மிதமாக ஓடினால் பல நேரம் தானே விடுபடும். அதன் பிறகு இன்னொரு முறை சோதித்து முடிவெடுங்கள்.

நீலப் புகை ஸ்டார்ட்டிலும் ஆக்சிலரேட்டரை விடும்போதும் வந்தால் வால்வு சீல். அமுக்கும்போது வந்தால் ரிங். கறுப்பு என்றால் சோக் ஒட்டியிருக்கிறது, அல்லது மிதவை மட்டம் உயரம். நிற்காத வெண்புகை இனிப்பாக மணந்தால் கூலன்ட் எரிகிறது. கூலன்ட் குறையவில்லை, பிரேக் ஆயில் குறைகிறது என்றால் மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டருக்குள் கசிந்து, இன்ஜின் அதை உறிஞ்சுகிறது.

சூடேறுகிறது, ஆயில் விளக்கு எரிகிறது

மெதுவாகப் போகும்போது சூடேறி, வேகத்தில் தணிந்தால் காற்றோட்டம்: ஃபேன், அதன் பெல்ட், ரேடியேட்டர் முகத்தில் அடைந்த மண். வேகத்தில் சூடேறினால் நீரோட்டம்: அடைத்த ரேடியேட்டர், அல்லது வேகத்தில் உறிஞ்சலால் ஒட்டிக்கொள்ளும் கீழ்க்குழாய். இரண்டிலும் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள், அதில் அச்சிட்ட வெப்பநிலையில் (பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரி) திறக்க ஆரம்பிக்க வேண்டும். பிளாக்கின் பக்கவாட்டு வடிகால் பிளக்கைக் கழற்றியும் தண்ணீர் வரவில்லையா? அங்கே சேறு கட்டியாக நிற்கிறது. கம்பியால் குத்தி உடைத்து, தெளிநீர் வரும்வரை அலசுங்கள். டைமிங் பின்தங்கினாலும் சூடேறும் என்பது பலருக்கு நினைவில் வருவதில்லை.

ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் அந்த நொடியே அணையுங்கள். சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிச் சோதியுங்கள். சூடான இன்ஜினில் நிமிடத்துக்கு ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் 10 பிஎஸ்ஐ என்பது பழைய கணக்கு, அதற்குக் குறையாமல் இருந்தால் சென்சார்தான் கெட்டது.

பிரேக்: அமுங்குகிறது, இழுக்கிறது, விடவில்லை

இன்ஜின் ஓடியதும் ஒரு சுற்றுப் போய் வரத் தோன்றும். இந்தப் பகுதியை முடிக்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள். டிரம்மைத் திறந்ததும் தூசியைக் காற்றடித்து ஊதவும் வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். நனைத்துத் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

பெடல் தரைவரை போய், இரண்டாவது முறை அமுக்கினால் மேலே நிற்கிறது என்றால் ஷூ இடைவெளி அதிகம். ஷூவைச் சரிசெய்யும் நட்சத்திரச் சக்கரத்தை, வண்டிச் சக்கரம் பூட்டும்வரை திருகி, லேசான உரசல் மட்டும் கேட்கும் இடத்துக்குப் பின்வாங்குங்கள். ஸ்பாஞ்ச் போல மெத்தென்று இருந்தால் காற்று. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை எடுங்கள். கால் வைத்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் உள்ளுக்குள்ளேயே விடுகிறது.

பெடல் கல்லாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை என்றால் பூஸ்டர். இன்ஜினை அணைத்து ஐந்து முறை அமுக்கி, அமுக்கியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டர் கிழிந்திருக்கிறது.

ஒரு பக்கம் இழுத்தால் இழுக்கும் பக்கத்தில் பிரேக் சரியாகப் பிடிக்கிறது, கோளாறு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். அங்கே வீல் சிலிண்டர் துருவில் சிக்கியிருக்கும், அல்லது பிரேக் ஆயிலோ கிரீஸோ லைனிங்கை நனைத்திருக்கும். நனைந்த லைனிங்கை எதில் கழுவினாலும் தேறாது. சூடேறியதும் எண்ணெய் மறுபடி மேலே வரும். இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பல டிரம்களில் இரண்டு லைனிங்கும் ஒரே நீளமாக இருக்காது. குட்டையானது வண்டியின் முன்பக்கம் பார்த்து வர வேண்டும்.

பிரேக்கை விட்ட பிறகும் சக்கரம் பிடித்துக்கொண்டிருந்தால், ஜாக்கி ஏற்றிப் பிடித்த நிலையிலேயே தேடுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் வெளியேறும் குழாய் முடிச்சைச் சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் மாஸ்டரின் திரும்புதுளை அடைத்திருக்கிறது, அல்லது பெடல் தண்டில் வெற்றசைவே இல்லை. விடுபடவில்லை என்றால் சக்கரத்தின் பிளீட் நிப்பிளைத் (காற்றை எடுக்கும் முனை) திறங்கள். இப்போது விடுபட்டால் நடுவிலுள்ள ரப்பர் குழாய் உள்ளே வீங்கி, ஆயிலைப் போக விட்டுத் திரும்ப விடாமல் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் குழாய் புதிதுபோலவே இருக்கும். நிப்பிளைத் திறந்தும் விடுபடாவிட்டால் சிலிண்டரோ ஹேண்ட் பிரேக் கேபிளோ இறுகியிருக்கிறது.

பல பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கு மேல் ஒரு சுமை வால்வு இருக்கும். லோடு ஏறி உடல் தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், காலியாக இருந்தால் குறைக்கும். தொய்ந்த ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியின் பின்பக்கம் உயர்ந்துவிட்டால், லோடு இருக்கும்போதும் அந்த வால்வு "காலி" என்றே எடுத்துக்கொள்ளும். பட்டை வேலை செய்தால் வால்வின் கம்பியைப் புதிய உயரத்துக்குச் சரிசெய்ய வேண்டும்.

துருப்பிடித்த பிரேக் பைப்பை ஒட்டுப் போடாதீர்கள். முழு நீளமும் மாற்றி, இரட்டை மடிப்பு விளிம்பு எடுத்து முடுக்குங்கள். இங்கே கம்ப்ரஷன் இணைப்புக்கு இடமே இல்லை. ஆயில் டாட் 3 அல்லது டாட் 4. சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்கக் கூடாது.

கிளட்ச், கியர், ஸ்டியரிங்

பெடலை அமுக்கியும் கியர் விழாமல் கரகரத்தால் கிளட்ச் தட்டு ஃபிளைவீலில் ஒட்டியிருக்கும். இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, பெடலைக் கட்டையால் அமுக்கி ஓர் இரவு விடுங்கள். அதற்கும் விடவில்லை என்றால் பிரேக் முழுவதும் தேறிய பிறகு, முன்னால் யாரும் இல்லாத திறந்த வெளியில், பெடலை அமுக்கியபடி இரண்டாம் கியரில் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை அமுக்கி விட்டு அமுக்கி விட்டு ஓட்டுங்கள். செல்ஃப் அடித்த நொடியே வண்டி பாயும் என்பதை மறக்க வேண்டாம்.

பித்தளைச் சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்துவைக்கும் வளையம்) உள்ள பழைய கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தரக் கியர் ஆயில். ஜிஎல்-5 பலவற்றில் பித்தளையை அரிக்கும். ஆனால் பின் ஆக்சிலின் கிரவுன் பினியனுக்கு (பின்சக்கரங்களைச் சுற்றும் பல்சக்கர ஜோடி) ஜிஎல்-5 தான் வேண்டும். இரண்டையும் ஒரே டின்னிலிருந்து ஊற்றுவது பரவலான தவறு.

கிளம்பும்போது 'டங்' என்றால் ப்ரொப்பெல்லர் ஷாப்ட்டின் கிராஸ் (மடங்கும் மூட்டு) தேய்ந்திருக்கிறது. ஷாப்ட்டைக் கழற்றும் முன் குறி போடுங்கள். இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் வராவிட்டால் ஓட்டத்தில் அதிரும். ஆக்சிலரேட்டரை அமுக்கும்போது மட்டும், அல்லது விடும்போது மட்டும் ஊளையிட்டால் கிரவுன் பினியன். எந்நேரமும் முனகினால் வீல் பேரிங்.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை அமுக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் சக்கரம் திரும்பும் மூட்டான கிங் பின் அல்லது பால் ஜாயிண்ட். வண்டி நேராகப் போயும் பின்னிலிருந்து பார்த்தால் நண்டுபோலச் சாய்ந்து ஓடினால், பட்டைக் கட்டின் நடுப் போல்ட் முறிந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது. யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதிது போட்டு, நூறு கிலோமீட்டரில் மறுபடி முறுக்குங்கள்.

பின் விளக்குகள் குழம்புகின்றன. பேட்டரி இரவில் இறங்குகிறது

பிரேக் அமுக்கினால் இண்டிகேட்டர் மங்கலாக எரிகிறது என்றால் பின் எர்த் இல்லை. பின்தொட்டி சேஸின் மேல் ரப்பர் அல்லது மரக் கட்டையில் உட்கார்ந்திருக்கும், நடுவே புதுப் பெயிண்ட் வேறு. விளக்கிலிருந்து சேஸுக்குத் தனி எர்த் ஒயர் இழுத்தால் தீரும்.

பேட்டரி இறங்கினால் நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, மீட்டரை ஆம்பியர் நிலையில் இடையே வையுங்கள். கடிகாரமோ ரேடியோவோ இல்லாத பழைய வண்டியில் ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் என்றால் ஃபியூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்தாலும் குறையவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் டயோடு.

துரு, கதவு இடைவெளி, குமிழும் பெயிண்ட்

சிறு சுத்தியலால் சேஸ் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும், அரித்தது மந்தமாகச் சத்தமிடும். பட்டை மாட்டும் தாங்கிகள், கேபின் மவுண்ட்கள், பின்தொட்டியின் குறுக்குச் சட்டங்கள் ஆகியவற்றில் ஸ்குரூ டிரைவரால் குத்தியும் பாருங்கள். சேஸில் ஒட்டுத் தகடு வைத்தால் அதன் ஓரம் சட்டத்துக்குக் குறுக்கே செங்குத்தாக வரக் கூடாது, அந்தக் கோட்டிலேயே பின்னர் விரிசல் விழும். ஓரங்களைச் சாய்வாக வெட்டுங்கள். சேஸ் வேலை கைதேர்ந்த வெல்டரிடம் விட வேண்டியது.

கேபின் கால்மிதியில் தண்ணீர் நின்றால் தரையை ஒட்டவைக்கும் முன் மேலே பாருங்கள்: கண்ணாடி ரப்பர், அதன் கீழுள்ள காற்றுப் பெட்டியில் இலை அடைந்த வடிகால். மேலே சரிசெய்யாமல் போட்ட தரைத் தகடு இரண்டு மழைக்காலம் தாங்காது.

கதவுக்குக் கீழுள்ள சட்டத்தை வெட்டும் முன் கதவுத் திறப்புக்குக் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து, இரு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதுங்கள். இதைத் தவிர்த்தவர்களின் கதவுதான் வேலை முடிந்ததும் மூட மறுக்கிறது. வெட்டவே இல்லை, ஆனாலும் கதவு இடிக்கிறது என்றால் நசுங்கிய கேபின் ரப்பர்களை மாற்றுங்கள், பாதி வண்டிகளில் அதோடு சரியாகும்.

0.8 முதல் 1 மில்லிமீட்டர் தகட்டுக்கு 0.6 மில்லிமீட்டர் மிக் வெல்டிங் ஒயர். ஒரே கோடாக இழுத்தால் தகடு அப்பளமாகச் சுருளும். 25 மில்லிமீட்டர் தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து, தொட முடியும் அளவு ஆறிய பிறகு இடையில் நிரப்புங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுங்கள், அருகிலுள்ள பெட்ரோல் லைனையும் உள்துணியையும் எடுத்துவிடுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்காதீர்கள், உயிரைக் குடிக்கும் வாயு வரும். முடித்த பிறகு ஒரு மணி நேரமாவது வண்டியை விட்டு நகர வேண்டாம். இடுக்கில் புகையும் நெருப்பு தாமதமாகத்தான் எழும்.

பெயிண்ட் அடித்துச் சில மாதத்தில் குமிழ் எழுந்தால் அடியில் துரு மிஞ்சியிருக்கிறது, அல்லது பட்டி ஈரத்தைக் குடித்திருக்கிறது. பட்டி தண்ணீரை உறிஞ்சும். அதை நீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், மூடாமல் நாள்கணக்கில் விடவும் வேண்டாம். வெற்று இரும்பில் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் 3 மில்லிமீட்டருக்கு மிகாத பட்டி, மறுபடி பிரைமர் என்ற வரிசை நிற்கும். 3 மில்லிமீட்டரில் நிரம்பாத பள்ளத்தைத் தட்டித்தான் நேராக்க வேண்டும். கெட்டியாக்கி கலக்கும் பெயிண்ட்டுகளில் ஐசோசயனேட் உண்டு. வெளிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை அடிக்காதீர்கள்.

பெயிண்ட் காய்ந்ததும் கதவின் அடி, பின்தொட்டியின் மூலைகள், பின்கதவின் உள்பக்கம் ஆகியவற்றின் வடிகால் துளைகளைக் கம்பியால் திறந்து, குழாயால் தண்ணீர் அடியுங்கள். ஒவ்வொரு துளையிலிருந்தும் தண்ணீர் வெளியே ஓட வேண்டும். உலர்ந்த மறுநாள், அந்தத் துளைகள் வழியாகவே உள்ளுக்கு மெழுகு பீய்ச்சி, துளை அடையாமல் துடைத்துவிடுங்கள்.